நான் அரைத்த பொடி

சேகர்,

நேற்று மாலை நம் வீட்டுக் கூடத்தில் நீ சொன்ன கதையில் ஒரு தவறு இருக்கிறது. முப்பத்தோரு வருடம் பிள்ளைகளின் விடைத்தாள்களில் தவறு எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிச் சிவப்பு மையால் சுழித்தவள் நான். நேற்று அந்தத் தவறு என் காதுபடவே சொல்லப்பட்டது. நான் காலித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை காலை நீ காட்பாடிக்குப் பஸ் ஏறுகிறாய், அங்கிருந்து ரயிலில் வேறு பாஷை பேசும் ஊரிலுள்ள புது ஆலைக்கு. அதற்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் ஓடி வராதே. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு வா.

உன்னை வழியனுப்ப வந்தவர்களில் ஒருவர், உன் பழைய பட்டறை ஏன் மூடிப்போனது என்று கேட்டார். நீ கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்னாய். "அது என் தப்புங்க. பொடி டப்பாவ சரியா மூடாம மெட்ராஸ் போயிட்டேன். ஈரம் ஏறிடுச்சு. முனிரத்தினம் அண்ணன் கை போனது என்னாலதான்." அதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்னும் சில வருடங்கள் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேனோ என்னவோ. பிறகு நீ சொன்னதுதான் என்னை உட்காரவிடவில்லை. "ஆனா ஒண்ணுங்க, அந்த கடைசி தடவை பல்பு ஹோல்டருக்கு வந்த வழவழப்பு அதுக்கு முன்னாடியும் எனக்கு வரல, பின்னாடியும் வரல. பொடியில இருந்த கட்டியெல்லாம் எப்படி உடைஞ்சுதுன்னு இன்னிக்கும் புரியல. போற எடத்துல பிளேடு வேகமா சுத்துற மிக்சர் இருக்குது. பொடிய நல்லா காய வெச்சு அதுல ஓட்டினா அதே வழவழப்பு வரும். ஈரமும் இருக்காது, பயமும் இருக்காது."

ஈரம் தானாக ஏறவில்லை. மூடியும் காரணமில்லை. அந்தப் பொடியை நான் அரைத்தேன்.

எழுதிவிட்டேன். ஏழு வருடத்தில் முதல் தடவையாக. இனி நிதானமாகச் சொல்கிறேன். உனக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். ஏனென்றால் இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை. உன் புது ஆலையில் அந்த மிக்சருக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். அவர்கள் பாஷையில் நீ படித்துக் காட்டு.

எமர்ஜென்சி முடிந்த மறுவருடம் முனிரத்தினத்தின் தறி எரிந்தது உனக்கு நினைவிருக்கும். நீ அப்போதுதான் மெட்ராசில் பிளாஸ்டிக் டிப்ளமா முடித்துவிட்டு வந்திருந்தாய். தறிக்கு மேலே பூவேலை நெய்வதற்கான ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து சங்கிலி மாதிரித் தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகள், அட்டைகளை ஒட்டி ஒரு பல்பு. பழைய பித்தளை ஹோல்டர் போய்விட்டதென்று சந்தையில் புதிதாக வந்த பிளாஸ்டிக் ஹோல்டரை மாட்டியிருந்தார். அது சூட்டில் இளகி, தீப்பிடித்து, சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டே அட்டைகளின் மேல் விழுந்தது. நம் ஊரில் பட்டு அசலா என்று பார்க்க இழையைக் கொளுத்துவது எல்லோருக்கும் தெரியும். முடி கருகும் வாசனை வரும், சுருண்டுகொள்ளும், பட்டென்று அணைந்துவிடும். அன்றைக்கும் தறியில் பாவாக இழுத்துக் கட்டியிருந்த பட்டு அப்படித்தான் கருகி அணைந்தது. அட்டையும் மரமும் நூல்கயிறும் போயின. தெருவில் நின்றுகொண்டு முனிரத்தினம் சிரித்தார். அழவேண்டிய நேரத்தில் சிரிக்கிற மனிதர் அவர்.

"பாத்தீங்களா டீச்சர், பட்டு அசல்தான். ஓல்டருதான் டூப்பு!" என்றார். பிறகு உன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ பிளாஸ்டிக்குதானே படிச்சிகினு வந்த? படிச்சது இன்னாத்துக்கு? எரியாத ஓல்டரு ஒண்ணு பண்ணு பாக்கலாம். பண்ணிட்டின்னா நானே வந்து ஒன் மிஷின இழுக்கிறேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னதை நீ வாக்காக எடுத்துக்கொண்டாய். போளூர் ரோட்டில் ஒரு கொட்டகை, அதில் கையால் நெம்புகோலை இழுத்து வார்க்கும் ஒரு பழைய மிஷின். மின்சாரத்தில் சூடேறும் குழாய்க்குள் நைலான் மணிகளைக் கொட்டினால் உருகி அச்சுக்குள் போகும். முனிரத்தினமும் சொன்னபடியே வந்து சேர்ந்தார். வெறும் நைலான் எரியும். எரியாமலிருக்க அதில் என்ன கலப்பது என்று நீ ஒரு வருடம் அலைந்தாய். கடைசியில் மெட்ராஸ் வியாபாரி ஒருவரிடமிருந்து கருஞ்சிவப்பாக ஒரு பொடியைத் தகர டப்பாவில் கொண்டுவந்தாய். பெயர் எழுதிய ஒரு சீட்டைத் தவிர அதனோடு வேறு காகிதம் எதுவும் இல்லை.

அது சிவப்புப் பாஸ்பரஸ் என்றதும் நான் பயந்துபோனேன். "தீப்பெட்டியின் பக்கத்தில் தடவுவது இதுதானேடா? தீப்பிடிக்கக்கூடாது என்பதற்கு இதையா கலக்கப்போகிறாய்?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு என்னை எதிரே உட்காரவைத்து எனக்கே பாடம் நடத்தினாய். பிளாஸ்டிக்கில் தீ படும்போது உள்ளே இருக்கும் பாஸ்பரஸ் அமிலமாக மாறும். அந்த அமிலம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கருக்கிவிடும். பால் மேல் ஆடை மூடுவது போலக் கரி மூடிக்கொள்ளும். உள்ளே காற்றுப் போகாது, தீ அணையும். ஆனால் வெறும் பொடியாக வைத்திருந்தால் ஆபத்து. உரசினால் பற்றும். ஈரம் பட்டால் விஷவாயு வரும், உலோகத்தைத் தின்னும். அதனால் ஒவ்வொரு பொடித்துகளுக்கும் ஓர் உறை போட்டிருக்கிறார்கள் என்றாய். மெலமின் தட்டு செய்கிற பிசினில், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசான உறை. "சீரக மிட்டாய் மாதிரிம்மா. உள்ள சீரகம், மேல சக்கரை. வாய்ல கரையிற வரைக்கும் சீரகம் இருக்கிறதே தெரியாதில்ல? இதுவும் தீ படுற வரைக்கும் உறைக்குள்ள தூங்கும்." என் வகுப்பில் நான் சொல்லிய எந்த உதாரணத்தையும்விட அது நன்றாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் ஹோல்டர் வந்ததும் முனிரத்தினம் தீக்குச்சியைக் கிழித்து அதன் விளிம்பில் பிடித்தார். கருகியது, புகைந்தது, அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அப்படியே. மூன்றாவது குச்சியில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "இது ஓல்டரு இல்ல தம்பி, பிரகலாதன்!" என்றார். அன்று நாம் மூவரும் சிரித்த சிரிப்பு போளூர் ரோட்டில் போன பஸ்ஸுக்கே கேட்டிருக்கும்.

அந்தச் சிரிப்பை அடக்கியவர் மின்சாமான் கடைக்காரர். ஹோல்டரைக் கையில் உருட்டிப் பார்த்தார். மேலெல்லாம் பரு. மழைமாதம், பொடி டப்பாவுக்குள் கட்டி தட்டியிருந்தது. அந்தக் கட்டிகள் உருகாமல் அப்படியே பிளாஸ்டிக்கின் மேல் துருத்திக்கொண்டு நின்றன. "எரியாதுன்றீங்க, சரி. இதுக்கு இன்னா, அம்மை போட்டுகினு இருக்குதா? வேப்பிலை கட்டித்தான் மாட்டணும் போல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நீ வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். மறுநாள் பொடியைத் துணியில் சலித்துப் பார்த்தாய், கட்டிகள் மேலேயே தங்கின. வியாபாரியைக் கேட்டு வருகிறேன் என்று மெட்ராசுக்குக் கிளம்பினாய். வாசற்படியில் நின்று, "அந்த டப்பாவ மட்டும் தொடாதம்மா" என்றாய்.

நான் தொட்டேன்.

ஏன் என்று உனக்கு விளங்கவேண்டும். என் அப்பா பட்டுக்குச் சாயம் போடுகிறவர். சாயப்பொடி எதுவானாலும் கொப்பரையில் போடுமுன் கல்லுரலில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு அரைத்தாகவேண்டும் என்பது அவர் வீட்டுச் சட்டம். அரைபடாத ஒரு குருணை போதும், ஒரு முழுச் சேலையில் புள்ளி விழுந்துவிடும். அரைத்த விழுதைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பது பாவாடை கட்டிய நாளிலிருந்து என் வேலை. நறநறவென்றால் மறுபடியும் அரை. பட்டுச் சாயக்காரர் வீட்டில் பிறந்த எவளுக்கும் கட்டி தட்டிய பொடியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அப்பாவின் கல்லுரல் நம் வீட்டுப் பரணில் இருந்தது. இறக்கிக் கழுவினேன். உன் டப்பாவைத் திறந்தேன். தூசு பறக்காமலிருக்க நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சாயத்தை அரைப்பது போலவே அவசரப்படாமல், சுற்றிச் சுற்றி, பகல் முழுவதும் அரைத்தேன்.

சீரக மிட்டாயை அரைத்தால் சீரகம் வெளியே வந்துவிடும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எனக்குத் தோன்றவில்லை. என் கண்ணுக்குப் பொடி வேறு, கட்டி வேறாக இருந்தது. கட்டியை உடைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உறையை உடைத்தேன். நடுவே பூண்டு வாசனை மாதிரி ஒன்று வந்தது. பக்கத்து வீட்டில் ரசம் கொதிக்கிறது என்று நினைத்தேன். ஈரப் பாஸ்பரஸிலிருந்து கிளம்பும் வாயுவுக்குப் பூண்டு நாற்றம் என்று பத்தாம் வகுப்புக்கு எத்தனை வருடம் சொல்லியிருப்பேன்! புத்தகத்தில் இருந்தது வீட்டில் வந்து மூக்கில் ஏறியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் விடாமல் உலர்வாக அரைத்திருந்தால் உரலிலேயே பற்றி என் முகம் போயிருக்கும். என்னைக் காப்பாற்றிய அந்த நாலு சொட்டுத்தான் உன் மிஷினுக்குள் போய்ச் சேர்ந்தது.

நிழலில் காகிதத்தில் பரப்பினேன். காய்ந்துவிட்டது என்று நானாக முடிவுசெய்துகொண்டு டப்பாவில் திரும்பக் கொட்டினேன். மறுநாள் நீ வெறுங்கையோடு திரும்பி வந்து டப்பாவைத் திறந்தாய். "அட, கட்டியே இல்லியேம்மா! தானா உதிர்ந்துட்டுது!" என்று குதித்தாய். சொல்லியிருக்கலாம். கடைக்காரர் கையில் அது வழவழவென்று இருப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். பாராட்டு வாங்கப்போகிற நேரத்தில் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும் என்ற ஆசை. என் அற்பத்தனம் அவ்வளவுதான், மகனே. பெரிய பாவங்களைச் செய்ய நமக்குத் துணிச்சல் இருப்பதில்லை. இப்படிப்பட்ட சின்ன ஆசைகள்தான் வேலையைச் செய்துவிடுகின்றன.

அன்று மாலை வந்தவை எல்லாம் பளிங்கு போல இருந்தன. நாற்றம் கொஞ்சம் அதிகம் என்று நீ சொன்னாய். முனிரத்தினம் ஒரே ஒரு ஹோல்டரை எடுத்துத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். எரிந்த தறிக்குப் பதிலாக அப்போது அவர் கடனுக்கு வேறொரு தறி போட்டிருந்தார், அதற்கு மேலே மாட்டுவதற்கு.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். உங்கள் இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்திருந்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. குழாய்க்குள் உருகிய நைலான் அப்படியே நின்றது. முக்கால்மணி நேரம். மோரைக் குடித்துவிட்டு முனிரத்தினம் மூக்கைச் சுளித்தார்.

"இன்னா தம்பி, மீனு கெட்டுப்போன நாத்தம் வருது?"

"நைலான் நின்னு வெந்துகினு இருக்குதுண்ணா. கரண்ட் வந்ததும் இழுத்து வெளிய தள்ளிடலாம்."

"ஜல்தி வந்தா தேவலாம். இங்க நிக்க முடியல."

மீன் நாற்றத்துக்கு அடியில் எனக்குப் பூண்டு தெரிந்தது. பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கம் கண்முன் வந்தது. ஆனாலும் நான் சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்தது. சூடு ஏறட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தீர்கள். முனிரத்தினம் நெம்புகோலை இழுத்தார், நகரவில்லை. மறுபடியும் இழுத்தார். வாய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று குனிந்து வலது கையால் முனையைத் தட்டினார்.

"கை வெக்காதீங்கண்ணா!" என்று நீ கத்தினாய். நானும் கத்தினேன். இரண்டும் தாமதம். புஸ்ஸென்று வெள்ளைப் புகை பீறிட்டது. யாரும் கொளுத்தாமலே அந்தப் புகை காற்றைத் தொட்டதும் தானாகப் பற்றிக்கொண்டது. உருகிய நைலான் எரிந்துகொண்டே அவர் விரல்களில் ஒட்டியது. உதறினார். உதற உதற ஒட்டிக்கொண்டது. நீ தொட்டியில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து அவர் கையை அப்படியே சுற்றி உன் மார்போடு அணைத்துக்கொண்டாய். உன் மார்பில் இன்றும் அந்த வடு இருக்கிறது. தீ பிடிக்காத பொருள் செய்யும் இடத்தில் தீயை உண்டாக்கியது நான். அதை அணைத்தது நீ.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து நீ டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாய். மிச்சப் பொடியைக் காகிதத்தில் தேய்த்தாய். ஈரம் படிந்தது. மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு தரையில் உட்கார்ந்து, "நான்தாம்மா. மெட்ராஸ் போற அவசரத்துல மூடிய அழுத்தி மூடல" என்றாய். நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று இன்றும் நம்புகிறேன். வெளியே வந்தது வேறு. "விடுடா. ஈரம் யார் கண்ணுக்குத் தெரியும்?" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர இந்த விஷயத்தில் நான் வேறு பொய் சொன்னதில்லை. வேறு பொய் தேவைப்படவும் இல்லை.

மீதியிருந்த ஹோல்டர்களையும் பொடியையும் நீயே ஈரமணலில் புதைத்தாய். வெளியே போனது ஒன்றுதான், முனிரத்தினம் வீட்டுத் தறிக்கு மேலே மாட்டியது. அவர் கட்டோடு படுத்திருந்தார். அவர் மனைவியும் மகளும் அந்த விளக்கின் கீழே நெய்துகொண்டிருந்தார்கள். நான் போய், "அதைக் கழற்றிக் கொடுங்கள், வேறு பித்தளையில் வாங்கி மாட்டுகிறேன்" என்றேன்.

"அத மட்டும் தொடாதீங்க டீச்சரம்மா" என்றார் முனிரத்தினம். "இந்த கையால கடைசியா பண்ணது. இருக்கட்டும்."

உறை உடைந்த பொடியில் செய்த ஹோல்டர் அது, மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும், உள்ளே இருக்கிற பித்தளை முனைகளை அரிக்கும், அரித்த இடம் சூடாகும் என்று சொன்னால் அவர் அந்த நிமிடமே கழற்றியிருப்பார். அதைச் சொல்ல, எப்படி உடைந்தது என்பதையும் சொல்லவேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தினமும் போனேன். காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. கஞ்சி கொண்டுபோனேன், பழம் கொண்டுபோனேன். அவரோடு பேசிக்கொண்டே என் கண் அந்த ஹோல்டரிலேயே இருக்கும். அதற்கு ஒரு முழம் தள்ளி அட்டைச் சங்கிலி. அதற்குக் கீழே அவர் மகளின் தலை. விளக்கு ஒரு தடவை மினுக்கினால் பேச்சை விட்டுவிட்டு எழுந்து நின்றுவிடுவேன். தெருவே என்னைப் புகழ்ந்தது. பெற்ற தாய்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்றார்கள். நான் காவல் காத்தது நோயாளியையா, என் ரகசியத்தையா என்று யாருக்குத் தெரியும்?

ஆறாவது வாரம் விளக்கு எரியவில்லை. "பல்பு போயிட்டுது போல" என்றாள் அந்தப் பெண். நான் முக்காலியில் ஏறிக் கழற்றினேன். முனைகள் இரண்டும் பச்சையாகப் பூத்து, பிசுபிசுவென்று ஈரமாக இருந்தன. ஒரு முனைக்கு அருகே பிளாஸ்டிக் கருகத் தொடங்கியிருந்தது. சோதனை, காண்பது, அறிவது என்று மூன்று கட்டம் போட்டு எழுதச் சொல்லிப் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன் அல்லவா? அன்று முக்காலியின் மேல் நின்றபடி மூன்று கட்டமும் என் மனதில் நிரம்பிவிட்டன. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அந்த ஹோல்டரை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். மூன்று கட்டத்தையும் எங்கும் எழுதவில்லை.

முனிரத்தினத்தின் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் ஒட்டிக்கொண்டன. அறுந்த இழையைப் பிடித்து முறுக்க அந்த இரண்டு விரலும் வேண்டும். அதற்கப்புறம் அவர் தறியில் உட்காரவில்லை. அரிசி மில் வாசலில் காவலுக்குப் போனார். நீ பட்டறையை மூடிவிட்டு மெட்ராசுக்கு வேலைக்குப் போனாய். ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் வீட்டுக்குப் போய் நிற்பாய். அவர் உள்ளே போய்விடுவார். ஒரு தடவை நீ வந்து, "அவர் கோபம் நியாயம்தானம்மா" என்றாய். நான் உனக்குத் தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டேன்.

இன்று காலை மில்லுக்குப் போனேன். நெல் காயும் களத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து நாற்காலியை எனக்குத் தள்ளினார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கல்லுரல், நாலு சொட்டுத் தண்ணீர், பூண்டு நாற்றம், பச்சை பிடித்த பித்தளை. அந்த மனிதர் சிரிக்கவில்லை என்பதே எனக்கு அடி மாதிரி இருந்தது.

"அப்ப எம்பொண்ணு தலைக்கு மேல அது தொங்கிகினு இருந்தப்போ ஒங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"கஞ்சி எடுத்தாந்தீங்களே. அதுக்கா?"

"அதற்கும்தான்."

அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். "கை போனது போவட்டும் டீச்சரம்மா. வேணும்னேவா பண்ணீங்க? இல்ல. அதோட முடிஞ்சிடுச்சி. ஆனா ஏழு வருசம் அந்த புள்ள வந்து வாசல்ல நின்னுகினு இருக்கும். நான் மூஞ்ச திருப்பிகினு உள்ள பூடுவேன். மூடிய ஒழுங்கா மூடாத சோம்பேறின்னு மனசுக்குள்ள திட்டுவேன். அந்த ஏழு வருசத்த யாரு எனக்கு தருவாங்க? அவனுக்கு யாரு தருவாங்க?"

வெள்ளிக்கிழமைக்குள் உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். நீ அந்த மிக்சரைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். அவர் நாற்காலியை ஒதுக்கிவிட்டு என் எதிரே வந்து நின்றார்.

"வாயால சொல்லாதீங்க. நீங்க அழுவீங்க, அவன் போனா போவுதும்மான்னுவான். ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சிக்குவீங்க. விசயம் காத்துல பூடும். எழுதுங்க. எழுதி எங்கிட்ட காட்டுங்க. அங்க மிஷின்ல நிக்கறவனுக்கும் ரெண்டு கை இருக்குது இல்ல?"

அதனால்தான் இது கடிதமாக வருகிறது.

இதோடு ஒரு பொட்டலம் இருக்கிறது. அதில் அந்த ஹோல்டர். ஏழு வருடம் என் புடவைப் பெட்டியின் அடியில் கிடந்தது. முனைகளைப் பார். அந்த வழவழப்பையும் தடவிப் பார். நீ தேடிக்கொண்டிருக்கும் வழவழப்பு அதுதான். உறை உடைந்ததால் வந்தது. வேகமாகச் சுற்றும் பிளேடு என் கல்லுரலைவிடப் பலமடங்கு நன்றாக அதைச் செய்யும், அதுவும் உலர்ந்த பொடியில். உரலில் எனக்கு நேராதது அங்கே ஒருவனுக்கு நேரும். பொடியைக் கட்டி தட்டவிடாமல் வை. தட்டிவிட்டால் அந்த டப்பாவை ஒதுக்கு. கலக்கவேண்டும் என்றால் முறத்தில் அரிசியைப் புரட்டுவது போல மெதுவாகப் புரட்டு. பூண்டு நாற்றம் வந்தால், யார் மூக்குக்கு வந்தாலும், கடைநிலை ஆள் சொன்னாலும், நிறுத்து. மேற்பரப்பில் பரு இருந்துவிட்டுப் போகட்டும். கடைக்காரன் வேப்பிலை கட்டட்டும்.

இன்னும் ஒன்று. உன் கீழே வேலை செய்கிற ஒருவன் என்றைக்காவது உன் எதிரே வந்து, வாயைத் திறந்துவிட்டு, வேறு ஏதோ பேசிவிட்டுப் போவான். அவனைக் கூப்பிட்டு உட்காரவை. முதலில் என்ன சொல்ல வந்தாய் என்று கேள். அவன் சொன்ன பிறகு அவனை வேலையை விட்டு அனுப்பிவிடாதே. தவறைச் சொன்னவனுக்கு இடமில்லாத பட்டறையில் எல்லோரும் என்னைப் போலத்தான் சொம்பைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அதை நீ பிறகு யோசிக்கலாம், அவசரமில்லை. மிக்சர் அவசரம்.

இதுவரை எழுதிய தாள்களை இன்று சாயந்தரம் முனிரத்தினத்திடம் கொடுத்தேன். மில் வாசலில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, பிரகலாதன் என்று அவர் சொன்னதை எழுதியிருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். பிறகு என் பேனாவை வாங்கி, தன் பங்குக்கு ஒரு வரி எழுதினார். இடது கையால் எழுதியது. எழுத்துகள் கோணல்மாணலாக இருக்கின்றன. நான் திருத்தவில்லை.

தம்பி டீச்சரம்மா எழுதனது எல்லாம் நெசம். வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி வூட்டுக்கு வா. உள்ள வா.